காது சேருவதற்குள் தூத்துக்குடி

இந்தப் பங்குனியில் நானும் செல்லத்தாய் அத்தையும் பன்னிரண்டு டின் நெற்பயிரைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்குப் போனோம். போன இடம் ஒரு ஐஸ் கம்பெனி. நெல்லுக்கு அங்கே என்ன வேலை என்று பஸ்ஸில் எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அத்தை ஆளுக்கு ஒரு பதில் சொன்னாள். அவள் சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். அடுத்த பங்குனியில் இதைவிட அதிக டின்கள் போகும் என்று சாமுவேல் அண்ணன் சொல்கிறார். எங்களோடு பருத்திக் காட்டில் கிராசிங் வேலைக்கு வருகிற பெண்களில் யாராவது இரண்டு பேர் கொண்டுபோக வேண்டியிருக்கும். அவர்களாவது என்னைப் போல வழியெல்லாம் பயந்துகொண்டு போக வேண்டாம்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். சாமுவேல் அண்ணன் எங்கள் அடுத்த தெரு. மதுரைப் பக்கம் விவசாய மேல்படிப்புப் படிக்கிறார். அவருடைய ஆராய்ச்சி நெல்லைப் பற்றியது. மலைமேல் சில ஊர்களில் நெல் போடுகிறார்கள். நம் ஊர்ப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நன்றாக விளைகிற நெல்லை அங்கே நட்டால் வளரும், கதிரும் வரும். ஆனால் கதிர் முழுக்கச் சாவியாக இருக்கும். உள்ளே அரிசி இராது. பூவுக்குள் மகரந்தம் உண்டாகிற சில நாட்களில் குளிர் தாக்கினால் மகரந்தம் வெறும் தோலாகப் போய்விடுமாம். மலைக்காரர்களின் சொந்த நெல் அந்தக் குளிரிலும் மணி பிடிக்கும். ஆனால் அது ஆள் உயரம் வளர்ந்து சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. இரண்டையும் சேர்த்தால் என்ன என்பது அண்ணனின் யோசனை.

சேர்ப்பதற்கு என்னைக் கூப்பிட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பருத்தியில் மூன்று வருடமாகக் கிராசிங் செய்கிறேன். சாயங்காலம் மொட்டைத் திறந்து ஆண் பாகத்தை எடுத்துவிட்டுச் சிவப்புக் காகிதம் மூடுவோம். மறுநாள் காலையில் வேறு செடியின் பூவைக் கொண்டுவந்து தடவி, நூல் கட்டுவோம். நெல்லும் அப்படித்தான், ஆனால் பருத்திப் பூ உள்ளங்கை நிறைய இருக்கும், நெல் பூ நக நுனியில் நிற்கும். உமியின் மேல் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கிற ஆறு மகரந்தப் பைகளையும் ஊசியால் எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் அது தன்னோடு தானே சேர்ந்துவிடும். ஊர் நெல்லைத் தாயாகவும் மலை நெல்லைத் தகப்பனாகவும் வைத்துச் சேர்த்தேன். எட்டு விதைதான் கிடைத்தது.

எட்டையும் முளைக்கப் போட்டோம். மலை நெல்லின் அடித்தூர் ஊதா நிறம். ஊர் நெல்லுக்குப் பச்சை. தகப்பனின் ஊதா பிள்ளையில் மறையாமல் வரும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நாற்றில் ஊதா இருந்தால் நான் செய்தது கிராஸ். பச்சையாக இருந்தால் ஊசி தவறிவிட்டது என்று அர்த்தம். ஆறு ஊதாவாக வந்தன, இரண்டு பச்சை. பச்சை இரண்டையும் அண்ணன் பிடுங்கிப் போட்டார். ஆக, உலகத்திலேயே அந்தக் கிராஸ் நெல் ஆறு செடிதான். கையிருப்பில் ஒரு விதைகூட இல்லை.

ஊதா வந்துவிட்டது என்பதால் குளிர் தாங்குகிற குணமும் வந்துவிட்டது என்று ஆகாது. நிறம் வேறு, குளிர் வேறு. குளிரில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் கரிசலில் பங்குனி மாதம் குளிருக்கு எங்கே போவது? அவர் படிக்கிற இடத்தில் குளிர் அறை கிடையாது. கடைசியில் அவர் நண்பரின் மாமா வேலை பார்க்கிற ஐஸ் கம்பெனியில் ஒரு பழைய சிமென்ட் தொட்டி கிடைத்தது. பயிரை டின்னோடு தொட்டித் தண்ணீரில் இறக்கி, ஐஸ் போட்டுத் தண்ணீரைப் பதினெட்டு டிகிரியில் ஐந்து நாள் வைக்க வேண்டும். நெல்லின் இளங்கதிர் அந்தப் பருவத்தில் அடியில்தான் இருக்கும் என்பதால் தண்ணீர் குளிர்ந்தாலே போதும்.

எந்த ஐந்து நாள் என்பதில்தான் உயிரே இருக்கிறது. நெல்லில் கடைசியாக வருவது கண்ணாடி இலை. ஒவ்வோர் இலையும் தண்டைத் தொடுகிற இடத்தில் மயிர் முளைத்த ஒரு சின்னக் காது உண்டு. கண்ணாடி இலையின் காது முதலில் அதற்கு முந்தின இலையின் காதுக்குக் கீழே, உறைக்குள் ஒளிந்திருக்கும். பிறகு மெதுவாக ஏறும். இரண்டு காதும் ஒரே மட்டத்துக்கு வருகிற சமயம்தான் உள்ளே மகரந்தம் உண்டாகிறது. அதற்கு முன்னும் பின்னும் குளிர் காட்டினால் ஒன்றும் தெரியாது. காது தாண்டிவிட்டால் ஆறு செடியும் வீண். அண்ணனுக்கு உதவித்தொகை இந்த வருடத்தோடு முடிகிறது.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அண்ணனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. தாடை இரண்டும் வீங்கிக் காய்ச்சலோடு படுத்துவிட்டார். அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். செல்லத்தாய் அத்தை தூத்துக்குடியில் கருவாடு வாங்கி ஊர் ஊராக விற்பவள். அவளுக்கு வழி தெரியும், எனக்குக் காது தெரியும் என்று இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினார்கள்.

மொத்தம் பதினெட்டு டின். பாதியாக வெட்டிய எண்ணெய் டின்கள், அடியில் ஓட்டை போட்டுத் துணி அடைத்தது. ஊர் நெல் ஆறு, மலை நெல் ஆறு, கிராஸ் ஆறு. ஒவ்வொன்றிலும் இரண்டை அண்ணன் வீட்டிலேயே வெயிலில் விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோனோம். ஐஸ் பார்க்காத பயிர் எப்படி விளைகிறது என்று ஒப்பிட வீட்டு டின்கள் வேண்டும். தீப்பெட்டிக் கம்பெனியின் மரப்பெட்டி இரண்டில் ஆறு ஆறாக அடுக்கி, பயிரைச் சுற்றிப் பழைய வேட்டியைக் கட்டினோம்.

எங்கள் ஊர் வழியாகவே பசுவந்தனை, ஓட்டப்பிடாரம், புதியம்புத்தூர் போய்த் தூத்துக்குடி சேருகிற பஸ் இருக்கிறது. ஆனாலும் மாட்டுவண்டியில் ஒன்பது கிலோமீட்டர் பின்னால் கோவில்பட்டிக்கே போய் ஏறினோம். பஸ் ஸ்டாண்டில் ஏறினால்தான் கடைசி சீட்டுக்கு முன்னால் இடம் கிடைக்கும். காலை ஏழே முக்கால் பஸ். டிக்கெட் ஆளுக்கு நாலு ரூபாய் இருபது காசு, பெட்டிகளுக்கு லக்கேஜ் தனி. தூரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“என்னக்கா, இன்னைக்குக் கருவாடு இல்லாம வயக்காட்டையே பேத்துக் கொண்டு வாரீங்க? மேல ஏத்துங்க.”

“மேல ஏத்துனா வெயில்ல வெந்துரும் தம்பி. இது பிள்ளத்தாச்சி.”

“எது, நெல்லா?”

“ஆமா. வயித்துல கதிரு இருக்கு. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோறோம்.”

பஸ்ஸே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் கண்டக்டர் பெட்டிகளை உள்ளே வைக்க விட்டார். யோசித்துப் பார்த்தால் அத்தை சொன்ன பதில்களில் அது ஒன்றுதான் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது.

வண்டி ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி எடுத்து முடித்த காடுகள், பருத்திமார்க் குச்சிகளும் காய்ந்து, நிலம் வெடித்துக் கிடந்தது. கால் வைத்தால் உள்ளே போகிற அளவு வெடிப்பு. எனக்கு வெடிப்பைப் பார்க்கப் பார்க்க டின்னுக்குள் இருக்கிற மண் நினைவு வந்தது. அதுவும் கரிசல் கலந்த கண்மாய் வண்டல்தான். காய்ந்தால் சுருங்கும், சுருங்கும்போது வேரை இழுத்து அறுக்கும். தூக்குவாளித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். கீழே ஒழுகி ஒருவர் வேட்டி நனைந்து அவர் என்னை முறைத்தார்.

பசுவந்தனைக்கு முன்னால் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி வேப்ப நிழலுக்குப் போனார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேட்டியை விலக்கிக் காது பார்த்தேன். கண்ணாடி இலையின் காது முந்தின இலையின் காதுக்கு ஒரு விரல் கடை கீழே இருந்தது. புறப்படும்போதும் அவ்வளவுதான் இருந்ததா, அல்லது ஏறிவிட்டதா? வீட்டில் நிழலில் பார்த்தேன், இங்கே வெயிலில் பார்க்கிறேன். டயர் மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரத்தில் காது எவ்வளவு ஏறும் என்று அண்ணன் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அது கீழே இறங்காது என்பதுதான்.

“ஏட்டி, நீ பாத்துக்கிட்டே இருந்தா அது வெக்கப்பட்டு நிக்கப் போவுதா?” என்று அத்தை ஜன்னல் வழியாகக் காராச்சேவு நீட்டினாள். “தின்னு.”

புதியம்புத்தூரில் தையல்காரர்கள் ஏறினார்கள். தைத்து முடித்த கவுன்களை மூட்டையாகக் கட்டி டவுனுக்குக் கொண்டுபோகிறவர்கள். ஒருவர் தன் மூட்டையை எங்கள் பெட்டியின்மேல் தொப்பென்று வைத்தார். உள்ளே ஒரு குச்சி முறிகிற சத்தம் கேட்டது. அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

“என்ன பாப்பா?”

அத்தை எழுந்துவிட்டாள். “என்ன பாப்பாவா? பயிருமேல மூட்டைய வச்சிட்டு நோவாமக் கேக்கீரு? தூக்கும்யா!”

“பயிரா? நான் சாமான் பெட்டின்னுல்லா நெனைச்சேன்.” அவர் மூட்டையைத் தூக்கிவிட்டு, வேட்டியை விலக்கிப் பார்த்தார். முறிந்தது தாங்கு குச்சிதான். தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மனிதர் மீதி வழி முழுக்கத் தன் கவுன் மூட்டைகளைப் பெட்டியின் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் போகிறவர்கள் முதலிலேயே தையல்காரர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கவுன் மூட்டையைப் போல மெத்தென்ற அணை வேறு கிடையாது.

பதினோரு மணிக்குத் தூத்துக்குடி. பஸ் ஸ்டாண்டிலிருந்து கைவண்டி வைத்து, கடற்கரைப் பக்கம் ஐஸ் கம்பெனிக்குப் போனோம். வாசலில் மீன் பெட்டிகள், உமி, ஐஸ் நொறுக்குகிற சத்தம். மேஸ்திரி அந்தோணி என்பவர் தொட்டியைக் காட்டினார். தகரக் கூரை நிழலின் விளிம்பில் இருந்தது, காலை வெயில் படும். தெருக்குழாயில் தண்ணீர் விடியற்காலையில் மட்டும்தான் வருமாம். எங்களுக்காக முன்கூட்டியே ஒரு டிரம்மில் பிடித்து வைத்திருந்தார். குடத்தால் மொண்டு ஊற்றினோம், பதினாலு குடம் பிடித்தது. கட்டி உடைந்து படகுக்கு விற்க முடியாமல் போகிற ஐஸை எங்களுக்குத் தரும்படி அண்ணனின் நண்பருடைய மாமா சொல்லி வைத்திருந்தார். அண்ணன் கொடுத்த வெப்பமானியில் பதினெட்டுக்கு நேராகக் கிராசிங் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். ரசம் நூலைத் தொட்டதும் டின்களை இறக்கினோம். அன்று சாயங்காலம் பார்த்தபோது பாதிச் செடிகளில் இரண்டு காதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. சரியான சமயத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

அத்தைக்குக் கருவாடு கொடுக்கிற வீட்டில் படுக்க இடம். ராத்திரிக்கு வெயில் இல்லை, மூன்று பெரிய துண்டு போட்டால் காலை வரை நிற்கும். பகல்தான் பயம். இரண்டு நாள் நூலைச் சுற்றியே ஓடியது. கொஞ்சம் ஏறும், ஐஸ் போடுவேன், இறங்கும்.

மூன்றாம் நாள் காலையில் கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றதும் கம்பெனியே செவிடானது போல ஆனது. இருக்கிற ஐஸ் எல்லாம் படகுக்கு என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் இரண்டு துண்டுதான் இருந்தது. ரசம் பத்தொன்பது, இருபது என்று ஏறி, உச்சி நேரம் இருபத்திரண்டைத் தொட்டது. சாக்கை நனைத்துத் தொட்டியைச் சுற்றிப் போட்டேன், விசிறினேன். கண்ணீர் வந்துவிட்டது.

“அழுதா தண்ணி குளுருமா?” என்றாள் அத்தை. “காலையில இருந்து பட்டினி கிடக்க. போயி ரெண்டு வாய் தின்னுட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்.”

போய்விட்டு அரை மணியில் வந்தேன். ரசம் பதினெட்டில் நின்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சிவப்பு நூலைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது.

“எப்பிடித்தே?”

அத்தைக்கு முகமெல்லாம் பல். “மீன் பெட்டிக்கு என்ன செய்யுதோம்? வெளிய உப்பு மூட்டை கிடந்துச்சு. ஆறு கை அள்ளி ஐஸு மேல போட்டேன். இது தெரியாமலா நான் கருவாட்டு யாவாரம் பண்ணுதேன்?”

தொட்டியில் ஐஸ் ஒரு துண்டுகூட இல்லை. உப்பு பட்டதும் சட்டென்று கரைந்து, கரைந்த வேகத்தில் தண்ணீரைக் குளிர்த்திருக்கிறது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். குளத்தூர்ப் பக்கம் உப்பளத்துக் கரையில் ஒரு புல்லும் நிற்காமல் கிடக்கிற நிலம்தான் கண்ணில் வந்தது.

“அத்தை, இது மீன் இல்ல. நெல்லு.”

“நெல்லுன்னா?”

“உப்புத் தண்ணில நெல்லு செத்துரும்.”

அத்தை வாயடைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. டின்களை வெளியே எடுத்துத் துணி அடைப்பைப் பிடுங்கினேன். உப்புத் தண்ணீர் ஒழுகியது. ஆனால் மண்ணில் ஊறியதைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். டிரம் காலி. குழாயில் இனி மறுநாள் காலையில்தான். அந்த வட்டாரத்துக் கிணற்றுத் தண்ணீரே உப்பு. அத்தை தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துவிட்டாள். பேசுவதற்கு என்னைவிட்டால் ஆள் இல்லை.

மேஸ்திரி மெஷின் பக்கம் நின்றார். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் கட்டிக் கட்டிக் கலைத்தேன்.

“யாரு? பாப்பாவா? பின்னால நின்னா எனக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?”

“ஐஸு வேணும்.”

“கரண்ட் இல்லைன்னு சொன்னாவல்ல? இருக்குதது எல்லாம் மீன்புடி போட்டுக்கு.”

“குளுருக்கு இல்ல. தண்ணிக்கு.”

“தண்ணிக்கு ஐஸு கேக்கவ நீ ஒருத்திதான்.”

“உங்க ஐஸு நல்ல தண்ணில செஞ்சதுதான?” என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. “கரைச்சா நல்ல தண்ணி. பயிருல உப்பு விழுந்துட்டு. கழுவலைன்னா எல்லாம் செத்துரும். மொத்தமே ஆறு செடிதான் உண்டு, நாலு இங்க இருக்கு. வேற கிடையாது.”

அவர் என்னோடு வந்து பார்த்தார். “தொட்டியில உப்பு போட்டது எவம்ல?” என்று பொதுவாகச் சத்தம் போட்டார்.

“நாந்தான் போட்டேன்,” என்று அத்தை தலையைத் தூக்காமல் சொன்னாள். “என்னைய உம்ம ஐஸு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டும்.”

“உம்மைய உள்ள போட்டா அம்புட்டு ஐஸும் உருகிரும். எந்திரிங்க.” அவர் ஆட்களைக் கூப்பிட்டு இரண்டு முழுக் கட்டிகளை இழுத்துவரச் சொன்னார். “போட்டுக்காரன் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.”

கட்டியை நொறுக்கி வாளிகளில் போட்டு வெயிலில் வைத்தோம். கரையக் கரைய டின்னில் ஊற்றினோம். கரிசல் மண் சீக்கிரம் விடாது. மேலே ஊற்றினால் கீழே சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஒவ்வொரு டின்னின் அடியிலும் வருகிற சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஆனபோது என் நாக்கே மரத்துவிட்டது. உப்பு போய்விட்டதா, எனக்குத்தான் தெரியவில்லையா என்று புரியாமல் அத்தையை நக்கிப் பார்க்கச் சொன்னேன். அவள் பன்னிரண்டையும் பார்த்து, “இல்லட்டி, இல்ல,” என்றாள். கரண்ட் வந்தது. தொட்டியைக் கழுவி, மறுநாள் விடியற்காலையில் புதுத் தண்ணீர் பிடித்து, மிச்ச நாளை முடித்தோம். இலை நுனிகள் கருகத் தொடங்கின.

திரும்பி வரும் வழி நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அண்ணன் வீட்டில் பெட்டியை இறக்குவதற்கு முன்பே அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தாடையைச் சுற்றித் துண்டு கட்டிப் படுத்திருந்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறக்க முடியாமல் பல்லுக்கிடையில் பேசினார்.

“ஊர் நெல்லு குளிருல சாவியாகணும். அதுதான் கணக்கு. இப்ப சாவியானா, குளிராலயா உப்பாலயான்னு எப்படிச் சொல்லுவேன்?”

அதுவரை நான் செடி சாகுமா பிழைக்குமா என்று மட்டும்தான் பயந்தேன். பிழைத்தும் பயனில்லாமல் போகலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணன், வீட்டில் விட்ட ஊர் நெல்லில் அடியிலிருந்து பிந்திக் கிளைத்து இன்னும் காது சேராத தூர்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். பிந்தி வெடித்த தூர்கள் நான்கில் அன்றுதான் காது சேர்ந்துகொண்டிருந்தது.

“எத்தனை கை உப்பு போட்டீங்கத்தே?”

“ஆறு.”

“தண்ணி?”

“பதினாலு குடம்,” என்றேன்.

“மாட்டுத் தொட்டியில அதே பதினாலு குடம். ஐஸு மட்டும் வேண்டாம். அதே கை. வேற யாரும் அள்ளக் கூடாது. அரை மணி கழிச்சு எடுத்து, அதே மாதிரிக் கழுவுங்க.”

அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. “நல்லா நிக்குத பயிருல வேணும்னே உப்பைப் போடவா? ஒரு தடவை பண்ணுன பாவம் பத்தாதா ராசா?”

“போடுங்கத்தே,” என்றேன். “அன்னைக்கு அள்ளுன மாதிரியே அள்ளுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

அவள் ஒவ்வொரு கையாக அள்ளி, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். காரணமே இல்லாமல் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அது ஒன்றுதான் சிரிப்பு.

பிறகு காத்திருந்தோம். பத்துப் பதினைந்து நாளில் எல்லா டின்னிலும் கதிர் வந்தது, பூத்தது. நான் தினமும் போனேன். முதலில் ஐஸ் பார்த்த ஊர் நெல். கதிர் நிமிர்ந்து வெளுத்து நின்றது. விரலால் நசுக்கினால் உமியும் உமியும் ஒட்டியது. அடுத்து வீட்டில் உப்பு மட்டும் பார்த்த ஊர் நெல். இலை நுனி கருகியிருந்தது, ஆனால் அந்த நான்கு தூரின் கதிரிலும் மணி கனத்தது. அப்படியானால் சாவிக்குக் காரணம் உப்பு இல்லை, குளிர். ஐஸ் பார்த்த மலை நெல் மணி பிடித்திருந்தது. எதிர்பார்த்ததுதான்.

கிராஸ் நெல்லை நான் கடைசியாகத்தான் தொட்டேன். தொடாமல் வைத்திருந்தால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று இருக்கலாம் அல்லவா? அண்ணன் வீக்கம் இறங்கிப் பக்கத்தில் நின்றார். கதிரின் நடுவில் ஒரு மணியைப் பிடித்து நகத்தால் அழுத்தினேன். பால் வந்தது. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் வந்தது. மலை நெல் அளவுக்கு நிறையவில்லை, ஆனால் சாவியைவிட மணிதான் அதிகம். வீட்டில் வெயிலில் நின்ற கிராஸ் டின்களிலும் நல்ல மணி. அண்ணன் என் நகத்திலிருந்த பாலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இனிமேல்தான் வேலை இருக்கிறதாம். இந்த ஆறு செடியின் விதையை விதைத்தால் பிள்ளைகள் ஒரே மாதிரி இராது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் போல, சிலது தாயைக் கொண்டிருக்கும், சிலது தகப்பனை, நிறைய நடுவில். ஊதா நிறம் என்றால் எத்தனைக்கு எத்தனை என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம். குளிர் தாங்குவது ஒரே குணம் இல்லை, பல சேர்ந்தது, அதனால் அப்படிச் சொல்ல முடியாது. குட்டையாகவும் இருந்து குளிரையும் தாங்குகிற பிள்ளை எங்கேயோ ஒன்று இருக்கும். அதைத் தேட நிறையச் செடி வேண்டும். உதவித்தொகையை இன்னும் ஒரு வருடம் கேட்டு எழுதியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் விதைக்கப்போவதாகச் சொல்கிறார். அதனால்தான் அடுத்த பங்குனி.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பசுவந்தனை வழி பஸ்ஸிலேயே போங்கள், ஆனால் கோவில்பட்டியில் ஏறுங்கள். கூடுதலாகத் தாங்கு குச்சி கொண்டுபோங்கள். காதை எப்போதும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் அது ஓடுவது போலவும் நிற்பது போலவும் தெரிந்து உயிரை வாங்கும். நல்ல தண்ணீர் இரண்டு டிரம் பிடித்து வையுங்கள். மேஸ்திரி சத்தம் போடுவார், கேட்டால் கொடுப்பார். ஆனால் கேட்க வேண்டும். பின்னால் போய் நின்றுகொண்டிருந்தால் அவருக்கு முதுகில் கண் இல்லை.

துணைக்கு அத்தையே வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பஸ்ஸில் அவள் இல்லாமல் முடியாது. உப்பு மூட்டைப் பக்கம் மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படியும் போட்டுவிட்டால் அவளைத் திட்டாதீர்கள். எத்தனை கை என்று உடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.